தம்பியின் தோட்டமும் எமது கணக்கும்

எமது தம்பி தோட்டஞ் செய்பவன். நாம் இந்துக் கல்லூரி ஒன்றிலே உயர்தர வகுப்பு மாணவருக்குக் கணக்கீடு கற்பித்து வருகின்றோம். வலிகாமத்துச் செம்மண்ணிலே தந்தையார் விட்டுச் சென்ற 14 பரப்புக் காணியை அவன் கொத்திப் பயிரிட்டு வருகின்றான். அக்காணியின் வருவாயினாலேயே நாம் பல்கலைக்கழகஞ் சென்று பட்டதாரியானோம். எனவே, எமது பட்டத்திலே தம்பியின் வியர்வையும் கலந்திருக்கின்றது என்பதை நாம் என்றும் மறந்ததில்லை. அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தினாலேயே அவனுக்கு ஒருமுறை ஆலோசனை கூறினோம். அந்த ஆலோசனை அவனை எந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டது என்பதையும், அதிலிருந்து அவன் மீண்ட வழியையும் வாசகர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதாகும் என எண்ணுகின்றோம்.

2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி வீட்டுத் திண்ணையிலே கடதாசியும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அப்பொழுது அவனுடைய தோட்டத்திலே வெங்காயம், புகையிலை, மரவள்ளி, வாழை, மிளகாய், கத்தரி எனப் பலவும் இருந்தன. பட்டியிலே இரண்டு பசுக்களும் சில ஆடுகளும் நின்றன. வேலியிலே பூவரசும் கிளிசரியாவும் தழைத்திருந்தன. ஒவ்வொரு பயிருக்கும் ஆன செலவையும் அதனாற் பெற்ற வரவையும் கேட்டு எழுதி, ஒரு பரப்புக்கு எவ்வளவு இலாபம் எனக் கணித்தோம். சின்ன வெங்காயமே முதலிடம் பெற்றது. பசுக்களின் கணக்கையும் பார்த்தோம். பால் விற்ற பணத்தை ஒரு பக்கத்திலும், புல்லுக்கும் பிண்ணாக்குக்கும் பராமரிப்புக்கும் ஆன செலவை மறுபக்கத்திலும் எழுதினோம். பசுக்கள் நட்டத்திலே நின்றன. சாணத்துக்கு நாம் விலை போடவில்லை. அதற்குப் பற்றுச்சீட்டு எதுவும் இல்லாமையே காரணம்.

"பத்துப் பரப்பிலும் வெங்காயத்தை வை, மாடுகளை வித்துப்போடு" என்றோம்.

தம்பி எதிர்வார்த்தை கூறவில்லை. படித்த தமையன் கணக்குப் போட்டுச் சொல்லும்பொழுது படியாத தம்பி மறுத்துப் பேசுவது எமது குடும்பத்து வழக்கமன்று. பத்துப் பரப்பிலே வெங்காயம் நட்டான். முதற்போகத்திலே நல்ல இலாபங் கிடைத்தது. நாம் பெருமிதங் கொண்டோம். அடுத்த ஆண்டு அயலிலுள்ளோரும் வெங்காயத்தையே நட்டனர். விலை சரிந்தது. அதற்கு அடுத்த போகத்திலே இலையில் நோய் கண்டது. விதை வெங்காயத்துக்கு வாங்கிய கடன் வளர்ந்தது.

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், அசேதனப் பசளை இறக்குமதிக்கு அரசாங்கம் தடை விதிக்கப்போவதாக அறிவித்தது. அத்தடை அவ்வாண்டு நவம்பரிலே கைவிடப்பட்டதாயினும், இடைப்பட்ட காலத்திலே யூரியா கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. சாணமும் எருவும் தேடிக் கமக்காரர் அலைந்தனர். எமது தம்பியின் பட்டியோ வெறுமையாய்க் கிடந்தது. தான் விற்ற பசுக்களின் எருவைத் தானே அயலவரிடம் விலைகொடுத்து வாங்க வேண்டிய நிலை அவனுக்கு ஏற்பட்டது. 2022 ஓகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெயின் விலை இலீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயிலே இயங்கும் இறைப்பு இயந்திரத்தை நம்பியிருந்த தோட்டக்காரருக்கு அது பேரிடியாக அமைந்தது. அவ்வாண்டு மார்கழியிலே தம்பி எம்மிடம் வந்து, "அண்ணை, தெற்குப் பக்கக் காணியை ஈடு வைக்கப் போறன். உங்களுக்குச் சொல்லாமற் செய்யக்கூடாது எண்டுதான் வந்தனான்" என்றான். அவனுடைய குரலிலே கோபம் இருந்திருப்பின் நாம் ஓரளவு ஆறுதலடைந்திருப்போம். கோபம் சிறிதும் இருக்கவில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எமது இளமைக்கால நினைவொன்று திரும்பத் திரும்ப மனத்திலே தோன்றியது. 1990ஆம் ஆண்டிலே வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபொழுது யூரியாவும் எரிபொருளும் வராமல் நின்றன. நாம் அப்பொழுது சிறுவர். தந்தையார் கலங்கவில்லை. பூவரசங் குழையை வெட்டித் தாழ்த்தினார். அயலவரின் ஆடுமாடுகளையும் சேர்த்து இரவிலே தோட்டத்திற் பட்டியடைத்தார். வெங்காயத்தைக் குறைத்துக் குரக்கனையும் மரவள்ளியையும் கூட்டினார். எந்தப் புத்தகமும் அவருக்கு அதைக் கற்பிக்கவில்லை. ஒரு வழி அடைபட்டால் மறுவழியால் நுழையத்தக்கதாக அவருடைய தோட்டம் அமைந்திருந்தது. அந்த அமைப்பையே நாம் கணக்கெழுதிக் கலைத்துவிட்டோம்.

இந்நிலையிலேதான், பத்தாம் வகுப்பிலே எம்மிடம் வணிகக் கல்வி பயின்ற மாணவர் ஒருவர், 2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே எம்மைத் தேடி வந்தார். அவர் பின்னர் உயிரியல் பிரிவிலே சேர்ந்து, விவசாயத்திலே பட்டம் பெற்று, பல ஆண்டுகள் விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றி, இப்பொழுது போதனாசிரியர்களைப் பயிற்றும் பொறுப்பிலே இருப்பவர்.

"சேர், எங்கடை போதனாசிரியர்களுக்குக் கமக் கணக்கு எழுத ஒருநாள் பழக்கித் தரவேணும்" என்றார்.

கமக் கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எமக்கு நெஞ்சு சுட்டது. நடந்தவற்றை ஒளியாமற் கூறினோம். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, "நீங்கள் செய்த பிழையைத்தான் சேர் நாங்களும் செய்யிறம். நீங்கள் ஒரு தோட்டத்திலை செய்தியள், நாங்கள் ஊர் ஊராய்ச் செய்யிறம்" என்றார்.

அவர் அன்று விளக்கியவற்றைச் சுருக்கமாகத் தருகின்றோம். இலங்கையிலே விவசாயத் திணைக்களம் 1912ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. அதன் ஆராய்ச்சியாளர் நல்லின நெல்லையும் பிற பயிர்களையும் கண்டறிந்து தந்தனர். அவ்வறிவைக் கமக்காரரிடம் எடுத்துச் செல்வதே போதனாசிரியரின் பணி. 1970களிலே உலக வங்கியின் ஆதரவோடு 'பயிற்சியும் தரிசிப்பும்' என்ற முறை பல நாடுகளிலும் பரவியது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அது இலங்கைக்கும் வந்தது. குறித்த நாளிலே போதனாசிரியர் பயிற்சி பெறுவார். குறித்த நாளிலே கிராமத்துக்குச் சென்று தாம் பெற்ற செய்தியைக் கூறுவார். செய்தி பெரும்பாலும் ஒரு பயிரைப் பற்றியதாகவே இருக்கும்: எந்த இனம், எவ்வளவு பசளை, எந்த நோய்க்கு எந்த மருந்து. கிராமந்தோறும் பணியாற்றிய விரிவாக்கச் சேவகர்கள் 1989ஆம் ஆண்டிலே கிராம சேவை உத்தியோகத்தர் பதவிகளுக்கு மாற்றப்பட்டபின், எஞ்சியிருந்த போதனாசிரியர் ஒவ்வொருவரும் பல கிராமங்களைப் பார்க்க வேண்டியதாயிற்று. நேரங் குறையக் குறைய, கேட்பது குறைந்தது. சொல்வது மட்டும் எஞ்சியது.

"பயிரைப் பற்றி எங்களுக்குத் தெரியும். ஆனால் கமக்காரன் பயிரோடை மட்டும் சீவிக்கேல்லை. அவனுக்குக் கிணறு இருக்கு, கடன் இருக்கு, மாடு இருக்கு, படிக்கிற பிள்ளை இருக்கு. எல்லாத்தையும் ஒண்டாய் வைச்சுப் பார்க்க எங்களை ஒருவரும் பழக்கேல்லை" என்றார் அவர்.

இவ்வாறு ஒன்றாக வைத்துப் பார்ப்பதையே முழுக் கமத் திட்டமிடல் என்பர். அதன் வழி எளிமையானது. குடும்பத்தார் விரும்புவது யாது என்பது முதற் கேள்வி. நிலம், நீர், உழைப்பு, கால்நடை, பணம் ஆகியவற்றுள் கையில் உள்ளவை யாவை என்பது இரண்டாவது. ஆண்டின் எந்த மாதத்திலே எது தட்டுப்படுகின்றது என்பது மூன்றாவது. கையிலுள்ளவற்றை வேறு எவ்வகைகளிற் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது நான்காவது. விலை விழுந்தாலும், மழை பிந்தினாலும், எண்ணெய் விலை ஏறினாலும் அத்திட்டம் தாங்குமா என்பது ஐந்தாவது. அடுத்த போகத்திலே திரும்பிப் பார்த்துத் திருத்துவது எப்படி என்பது ஆறாவது. கேள்விகள் எளியனவே. ஆனால், அவற்றைக் கேட்கத் தெரிந்தவரை ஆக்குவது எளிதன்று என்பதைப் பின்னரே கண்டோம்.

பயிற்சிக்கு ஓர் உண்மையான தோட்டம் தேவைப்பட்டது. எமது தம்பியின் தோட்டத்தைப் பயன்படுத்தலாமா என்று அவனிடங் கேட்டோம். "வரட்டும் அண்ணை. ஆனால் மருந்துப் பேர் எழுதித் தந்திட்டுப் போறதெண்டால் வரவேண்டாம்" என்றான்.

வைகாசி மாதத்தில் ஒரு காலைப் பொழுதிலே பன்னிரண்டு இளம் போதனாசிரியர்கள் தம்பி வீட்டு முற்றத்து மாமர நிழலிற் கூடினர். ஆண்களும் பெண்களுமாக இருந்த அவர்களுட் பெரும்பாலோர் பட்டதாரிகளும் விவசாயக் கல்லூரியிற் பயின்றோருமாவர். எமது பழைய மாணவர் ஒரு வெற்றுப் பால்மாப் பேணியை நடுவில் வைத்து, பக்கத்திலே ஒரு பிடி புளியங்கொட்டையையும் வைத்தார். "ஒரு மணித்தியாலம் தோட்டத்தையும் வீட்டையும் சுத்திப் பாருங்கோ. கேள்வி மட்டும் கேளுங்கோ. யோசினை சொல்லப்படாது. சொல்லுற ஒவ்வொரு யோசினைக்கும் ஒரு புளியங்கொட்டை பேணிக்குள்ளை விழும்" என்றார்.

ஐந்து நிமிடங் கழியுமுன் முதற்கொட்டை விழுந்தது. கத்தரியிலே துளைபுழுவைக் கண்ட ஓர் இளைஞர் மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டார். அதன்பின் மழைபோல விழுந்தன. வாழைக்குச் சாம்பற்சத்துப் போதாது என்றார் ஒருவர்; குழாய்க் கிணறு அடித்தால் நல்லது என்றார் இன்னொருவர்; வெங்காயத்துக்குப் பதிலாக உருளைக்கிழங்கு நடலாமே என்றார் வேறொருவர். முடிவிலே எண்ணினோம்: முப்பத்தொரு கொட்டைகள்! நாமும் பள்ளிக்கூடத்து ஆசிரியராகையால் அவர்கள்மீது எமக்கு இரக்கமே உண்டானது. விடை தெரிந்திருந்தும் வாய்பொத்தியிருப்பது எத்துணைக் கடினம் என்பது ஆசிரியர்களுக்கே தெரியும்.

குழாய்க் கிணறு பற்றிக் கூறியவருக்குத் தம்பியே விடையிறுத்தான். "தம்பி, இது அஞ்சு குடும்பத்தின்ரை பங்குக் கிணறு. ஆவணியிலை ரண்டு மணித்தியாலத்துக்கு மேலை இழுத்தால் தண்ணி சவராகும். நான் ஆழமாய் அடிச்சு இழுத்தால் அஞ்சு குடும்பமும் உப்புத் தண்ணி குடிக்கவேணும்" என்றான்.

எமது பழைய மாணவர் அவ்விடத்திலேயே எல்லோரையும் இருத்தி விளக்கினார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. மேலுள்ள நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். அன்றியும், பயிர் உண்டதுபோக எஞ்சிய பசளையும் அதே பாறையினூடாக அதே நீருக்குட் சேர்கின்றது. குடிநீரிலே நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. செறிவாகப் பயிரிடப்படும் வலிகாமப் பகுதியின் கிணறுகள் பல அவ்வளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, ஒருவரின் வெங்காயப் பாத்தியும் மற்றவரின் தேநீர்க் கேத்தலும் நிலத்தினடியிலே தொடர்புடையன. கமத்துக்கு வேலி உண்டு. கமத்தின் நீருக்கு வேலி இல்லை.

பேணிக்குள்ளே ஒரு கொட்டையையேனும் போடாதவர் ஒரேயொருவர். அவர் ஓர் இளம்பெண். தோட்டத்தைச் சுற்றிவந்தபின் அவர் அடுக்களைக்குச் சென்று, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மச்சாளுடன் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் தாம் கண்டவற்றைக் கூறியபின், இறுதியாக அவருடைய முறை வந்தது. தயங்கித் தயங்கியே அவர் பேசினார்.

"அக்கான்ரை நகை அடைவிலை இருக்கு. வட்டி கட்டுற மாதமும் விதை வெங்காயம் வாங்கிற மாதமும் ஒண்டு. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லாததாலை, தண்ணி முறை இரவிலை வாற நாளிலை மகள்தான் தண்ணி மாறுறா. விடிய ரண்டு மணிக்கு எழும்புறா. அவவுக்கு அடுத்த வருசம் உயர்தரப் பரீட்சை" என்றார்.

முற்றத்திலே ஒரு சத்தமும் எழவில்லை. தம்பி தலையைக் குனிந்தான். நாமும் குனிந்தோம். எமது பெறாமகள் நடுச்சாமத்திலே விளக்கும் மண்வெட்டியுமாக வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி நீர் மாற்றுகின்றாள் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. மாதந்தோறும் அவ்வீட்டிலே உணவருந்தி வந்தோம், "படிப்பு எப்பிடிப் போகுது பிள்ளை?" என்று கேட்டும் வந்தோம். "போகுது பெரியப்பா" என்பாள். அதற்குமேல் ஒரு கேள்வியை நாம் கேட்டதில்லை. பிறர் பிள்ளைகள் வகுப்பிலே உறங்கினால் பெற்றோரை அழைத்து அறிவுரை கூறும் நாம், எமது சொந்தப் பெறாமகளின் உறக்கத்தைக் கெடுத்தது எமது பேனாவே என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

மதிய உணவின்பின் வேலை தொடங்கியது. முற்றத்து மண்ணிலே பன்னிரண்டு கட்டங்கள் கீறப்பட்டன. ஒவ்வொரு கட்டமும் ஒரு மாதம். காலையில் அபராதமாகச் சேர்ந்த புளியங்கொட்டைகளுடன் இன்னும் சில பிடிகளைச் சேர்த்து, எந்த மாதத்திலே எத்தனை நாள் உழைப்பு வேண்டும் என்பதைத் தம்பியும் மச்சாளும் பெறாமகளும் தாமே வைத்துக் காட்டினர். நீருக்குச் சிறு கற்களும், பணத்துக்கு ஓட்டுத் துண்டுகளும் வைக்கப்பட்டன. நல்லூர்த் திருவிழாவையும் தைப்பொங்கலையும் பரீட்சை மாதத்தையும் பெறாமகள் மறவாது குறித்தாள். படம் முடிந்தபொழுது நோய் எங்கேயிருக்கின்றது என்பதை எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆடி, ஆவணியிலே கற்கள் போதவில்லை. தை, மாசியிலே கொட்டைகள் போதவில்லை. ஐப்பசியிலே ஓட்டுத் துண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இனி எமது முறை. கணக்கு எழுதப் பழக்குவதற்காக அழைக்கப்பட்ட நாம் எழுந்து நின்று, எமது பிழையைப் போதனாசிரியர்களின் முன்னே ஒப்புக்கொண்டோம். கணக்கீட்டுப் பாடத்திலே ஒரு விதி உண்டு. உற்பத்திக்கு வேண்டிய வளங்களுள் எது மிகவுந் தட்டுப்பாடானதோ, அதன் ஓர் அலகுக்கு எவ்வளவு இலாபங் கிடைக்கின்றது எனக் கணித்தே எதை உற்பத்தி செய்வது என்று தீர்மானித்தல் வேண்டும். இவ்விதியை ஆண்டுதோறும் கரும்பலகையிலே எழுதி, மாணவரைக்கொண்டு பயிற்சியுஞ் செய்விக்கின்றோம். ஆயினும், தம்பியின் திண்ணையில் உட்கார்ந்தபொழுது நாம் இலாபத்தைப் பரப்பினால் வகுத்தோம். அவனுக்குத் தட்டுப்பாடானது நிலமன்று. ஆவணி மாதத்து நீர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். எமது சுரைக்காய் ஏட்டிலேதான் சரியாக இருந்தது.

போதனாசிரியர்கள் குழுக்களாகப் பிரிந்து, இலாபத்தை இறைப்பு மணித்தியாலத்தினால் வகுத்துப் பார்த்தனர். வரிசை தலைகீழாயிற்று. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை நீர் கேட்கும் வெங்காயம் கோடையிலே பின்னுக்குச் சென்றது. நீரை அதிகங் கேளாத மரவள்ளி முன்னுக்கு வந்தது. வாரந்தோறும் சிறு பணந் தரும் கத்தரி நடுவிலே நின்றது. பசுவின் கணக்கிலே சாணத்துக்கும் விலை எழுதியபொழுது நட்டம் இலாபமாக மாறியது. மாரி வெங்காயம் வேறு கணக்கு. அதற்கு மழையே பெரும்பகுதி நீரைத் தந்துவிடுகின்றது.

அதன்பின் கெட்ட காலத்துச் சோதனை நடந்தது. வெங்காய விலை பாதியானால் என்ன? மண்ணெண்ணெய் விலை மீண்டும் ஏறினால் என்ன? மழை வெள்ளமாக வந்தால் என்ன? பத்துப் பரப்பு வெங்காயம் இம்மூன்றில் ஒன்றைக்கூடத் தாங்கவில்லை.

முடிவைத் தம்பியின் குடும்பமே எடுத்தது. வெங்காயம் நான்கு பரப்பு. அதுவும் மாரியில் மட்டும். மூன்று பரப்பிலே மரவள்ளி. ஏனையவற்றிலே கத்தரியும் பயற்றையும் வாழையும். மாறி மாறி இரண்டு பரப்பை ஓய்வாக விட்டு, சணல் விதைத்துப் பூக்கும் பருவத்திலே கொத்தித் தாழ்ப்பது. பட்டிக்கு ஒரு பசு. இரவுத் தண்ணீர் முறையை அயல்வீட்டாருடன் மாற்றிக்கொள்வது. காணியை ஈடு வையாமல், அடைவிலுள்ள நகையைச் சிறிது சிறிதாக மீட்பது. உருளைக்கிழங்கு நடலாம் என்ற யோசனையை மட்டும் தம்பி ஏற்கவில்லை. "விதைக்கிழங்குக்கு மறுபடியும் கடன்படவேணும்" என்றான். அந்த யோசனையைக் கூறிய இளைஞர் தமது குறிப்புப் புத்தகத்திலே அதை எழுதிக்கொண்டதைக் கண்டோம். தமக்கு மறுப்புக் கூறிய கமக்காரனின் காரணத்தை எழுதிக்கொள்ளும் போதனாசிரியரை நாம் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

இப்பயிற்சி அன்றோடு முடிந்துவிடவில்லை. அவர்கள் புரட்டாதியிலும் தையிலும் மீண்டும் வந்தனர். எழுதிய திட்டத்தையும் நடந்ததையும் ஒப்புநோக்கினர். மண்டபத்திலே நடத்தும் விரிவுரை எவ்வளவு சிறந்ததாயினும், ஒரே தோட்டத்தை ஆண்டின் வெவ்வேறு பருவங்களிலே காணாத ஒருவர் கமத்தை அறிந்தவராகார் என்பது எமது பழைய மாணவரின் கொள்கை. இதற்கு முன்மாதிரியும் உண்டு. இந்தோனேசியாவிலே, நெல்லைத் தாக்கிய கபிலநிறத் தத்தியை மருந்துகளே பெருக்கிவிட்டன எனக் கண்டு, 1986ஆம் ஆண்டிலே 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தனர். தொடர்ந்து, 1989ஆம் ஆண்டிலே அங்கே வயற்பாடசாலைகள் தோன்றின. கமக்காரர் வாரத்துக்கொருமுறை வயலிலே கூடி, பூச்சிகளையும் அவற்றை உண்ணும் சிலந்திகளையும் தாமே எண்ணிப் பார்த்துத் தாமே முடிவெடுத்தனர். பயிற்றுநர் விடை கூறுபவராக அன்றி, வினா எழுப்புபவராக இருந்தார். ஆசியாவின் பிற நாடுகளுக்கும் பரவிய அம்முறை இலங்கையின் நெல்வயல்களுக்கும் வந்தது. ஒரு பயிரின் பூச்சியை அவ்வாறு ஆராயலாமெனின், முழுக் கமத்தையும் அவ்வாறு ஆராய்தல் கூடாதா?

எல்லாம் இனிதே முடிந்தது என்று கூறினால் அது பொய்யாகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே பெங்கல் புயலோடு வந்த பெருமழை குடாநாட்டின் தோட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. தம்பியின் வெங்காயமும் பாத்தியிலேயே அழுகியது. ஆனால் அது நான்கு பரப்பு வெங்காயம். மேட்டிலே நின்ற வாழையும் பசுவின் பாலும் அந்த மாதங்களைக் கடத்திவிட்டன. நகையிலே பாதி மீட்கப்பட்டுவிட்டது. மீதி இன்னும் அடைவிலே கிடக்கின்றது. காணி ஈட்டுக்குப் போகவில்லை. வெள்ளத்தின் நடுவே பரீட்சை எழுதிய பெறாமகள், உயர்தரத்திலே சித்தியெய்தினாள்.

எமது மனத்திலே கிடந்த சுமையை ஒருநாள் தம்பியிடம் இறக்கிவைத்தோம். "நான் சொன்ன பிழையாலைதானே நீ இவ்வளவு கஷ்டப்பட்டனி" என்றோம். அவன் பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். நிமிராமலே, "நீங்கள் பிழை சொல்லேல்லை அண்ணை, பாதி சொன்னியள். மற்றப் பாதி எனக்குத் தெரிஞ்சிருந்தது. நீங்கள் கேட்கேல்லை, நானும் சொல்லேல்லை" என்றான்.

படித்து உத்தியோகம் பார்ப்போர், ஊரிலே கமஞ் செய்யும் தம் உறவினருக்கு ஆலோசனை கூறுவது எம்மவரிடையே வழக்கமாகவுள்ளது. அதனை நிறுத்த வேண்டியதில்லை. கூறுவதற்குமுன் தோட்டத்தை ஒருமுறை சுற்றிவாருங்கள். அடுக்களையிலும் சிறிது நேரம் உட்காருங்கள். விவசாயம் பயிலும் மாணவர்களும், நாளை போதனாசிரியராகக் கிராமங்களுக்குச் செல்லும்பொழுது, பயிரின் பெயரைக் கேட்பதற்குமுன் அவ்வீட்டிலே எத்தனை பேர், எவர் எத்தனை மணிக்கு எழும்புகின்றார் என்று கேட்பார்களாக. அவ்வாறு கேட்கப் பழக்கும் பயிற்சியை அவர்களுக்கு அளிப்பது அவர்களைப் பயிற்றுவோர் கடன்.

இப்பொழுது மாதத்தின் இறுதி ஞாயிறுதோறும் தம்பி வீட்டுத் திண்ணையிலே கணக்குப் பார்க்கின்றோம். பேனா பெறாமகளின் கையில் இருக்கின்றது. நாம் கேட்க, அவளுடைய தாயும் தந்தையும் சொல்ல, அவள் எழுதுகின்றாள். அந்தக் கொப்பியிலே வரவுப் பக்கத்தின் முதல் நிரலுக்கு அவளே ஒரு தலைப்பு இட்டிருக்கின்றாள்: சாணம்.